புதுப்பிப்பு: சுங்கை சிப்புட் வந்து ஐந்து மாதம்

பிப்ரவரியில் புலம்பியிருந்தேன்: கணவர் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், நான் மன்னார்குடியில், வேலையை விட்டுப் போனால் தனிமையில் வாடிப்போவேனோ என்று. தைரியம் சொன்ன எல்லோருக்கும் நன்றி. வந்துவிட்டேன்.

விசா விஷயம் சுருக்கமாக: நீண்டகால வருகை அனுமதி கிடைத்தது. ஆனால் அதை வைத்து அப்படியே வேலைக்குப் போக முடியாது, தனி அனுமதி வாங்க வேண்டும். இதற்காக ஈப்போ நகரத்து விசா அலுவலகத்துக்கு மூன்று நடை ஆயிற்று. கவுண்டரில் ஒருவர் முகம் கொடுத்தே பேசவில்லை; அன்று பஸ்ஸில் அழுதேன்.

வந்த முதல் வாரம், பக்கத்து வீட்டு அக்கா காலை எட்டு மணிக்கு வேலியோரம் நின்று, "பசியாறிட்டியாம்மா?" என்றார். நம் வீட்டில் பட்டினி என்று நினைத்துவிட்டாரோ என மனசு சுருக்கென்றது. இங்கே காலைச் சாப்பாட்டுக்கே பசியாறுவது என்றுதான் பேர். எவ்வளவு அழகான சொல்!

மாமியார் முப்பது வருஷம் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். அந்தத் தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை. ஆனாலும் இன்றும் நாலு மணிக்கு எழுந்துவிடுகிறார். "வெயில் ஏறுனா பால் ஓடாதும்மா, இருட்டுலயே போயிடணும்" என்றார். வலது உள்ளங்கையில் கத்திப் பிடி அழுத்திய காய்ப்பு இன்னும் கெட்டியாக இருக்கிறது. தொட்டுப் பார்த்தேன். அன்றிலிருந்து காலைத் தேநீர் நான்தான் போடுகிறேன்.

இங்கே வரும்போது மளிகை கட்டிவர வேண்டுமா என்று கேட்ட தங்கைக்கு: வேண்டாம், எல்லாம் கிடைக்கிறது. திருமணச் சான்றிதழின் அசலை மட்டும் மறக்காதே.