உள்ளரங்க மிதிவண்டிப் பயிற்சிகளின் பெயர்களுக்குப் பின்னால் இருக்கும் மலைகள்

கேள்வி

வணக்கம். டிரெய்னர்ரோட் செயலியில் லாமார்க், கெய்கர், பெட்டிட் ஆகிய பயிற்சிகளை அடிக்கடி செய்து வருகிறேன். ஸ்விஃப்ட் செயலியில் ஆல்ப் டு ஸ்விஃப்ட் ஏற்றத்தையும் முடித்திருக்கிறேன். ஒவ்வொரு பயிற்சியும் அதே பெயருள்ள மலைப்பாதையின் ஏற்ற இறக்கத்தை அப்படியே பின்பற்றி அமைக்கப்பட்டது என்று உடன் பயிற்சி செய்யும் நண்பர் ஒருவர் சொல்கிறார். இது உண்மையா? இந்த மலைகள் எங்கே இருக்கின்றன, அவற்றில் மிதிவண்டியில் ஏற முடியுமா என்பதையும் விவரமறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முதல் பதில்

இரண்டு செயலிகளையும் தனித்தனியாகப் பார்ப்பதே சரி. ஸ்விஃப்டைப் பொறுத்தவரை உங்கள் நண்பர் சொல்வது பெருமளவு பொருந்தும், டிரெய்னர்ரோடுக்குப் பொருந்தாது. அந்த நிறுவனம் நெவாடா மாநிலத்தின் ரினோ நகரத்தைச் சேர்ந்தது. அதற்கு மேற்கே நிற்கும் சியர்ரா நெவாடா மலைத்தொடரின் சிகரப் பெயர்கள் அதன் பயிற்சிப் பட்டியல் முழுவதும் விரவிக் கிடக்கின்றன. பெயர் மட்டுமே மலையினுடையது. பயிற்சியின் வடிவத்தை நிர்ணயிப்பது உங்கள் எஃப்டிபி, அதாவது ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய சராசரி வாட் அளவு.

லாமார்க்கையே எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சியில் அது எஃப்டிபி அளவிலேயே பத்து பத்து நிமிடங்களாக நான்கு முறை மிதிப்பது. மலையிலோ அது 4,000 மீட்டரைத் தாண்டிய ஒரு பாறைச் சிகரம். அதன் அருகே டார்வின், மெண்டல், வாலஸ், ஹக்ஸ்லி, ஹேக்கல், ஸ்பென்சர், ஃபிஸ்க் என்று அறிஞர்களின் பெயர் தாங்கிய சிகரங்கள் சூழ்ந்திருக்கின்றன. 1895இல் அந்தப் பள்ளத்தாக்கை அடைந்த தியோடர் சாலமன்ஸ், பரிணாமக் கொள்கையை முன்வைத்தவர்கள், பரப்பியவர்கள் என ஆறு பேரின் பெயர்களை அங்குள்ள சிகரங்களுக்குச் சூட்டினார். லாமார்க், மெண்டல் பெயர்கள் பின்னர் வந்து சேர்ந்தவை. ஒரு மலைக் கூட்டத்துக்கே அறிவியல் வரலாற்றின் ஒரு அத்தியாயத்தைப் பெயராக வைத்த இந்தச் செயல் எனக்கு மிகவும் பிடித்தமானது. வாட் எண்ணை மட்டுமே பார்த்துக்கொண்டு லாமார்க்கை முடிப்பவர்கள் இதையும் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அங்கே மிதிவண்டியில் ஏற முடியுமா என்றால், முடியாது. சாலையே இல்லை என்பது ஒரு காரணம். அதைவிட வலுவான காரணம், 1964இல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட வனாந்தரப் பாதுகாப்புச் சட்டம். அந்தச் சட்டத்தின் கீழ் வரும் பகுதிகளில் எந்த இயந்திரப் போக்குவரத்துக்கும் அனுமதியில்லை. மிதிவண்டியும் அந்தத் தடைக்குள் அடங்கும். சியர்ரா நெவாடாவின் உயர்ந்த சிகரங்களில் பெரும்பாலானவை இத்தகைய பகுதிகளுக்குள்தான் நிற்கின்றன. பெட்டிட் சிகரமும் அப்படியே. யோசெமிட்டி தேசியப் பூங்காவின் வடபகுதியில் 3,200 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் அதன் பெயரை, ஒரு மணி நேரம் மூச்சு வாங்காமல் மிதிக்கும் எளிய பயிற்சிக்கு வைத்திருக்கிறார்கள். மலையின் கடினத்துக்கும் பயிற்சியின் கடினத்துக்கும் தொடர்பில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இரண்டாவது பதில்

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஸ்விஃப்டைப் பற்றி நான் சேர்க்கிறேன்.

ஆல்ப் டு ஸ்விஃப்ட், பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் உள்ள ஆல்ப் துயெஸ் ஏற்றத்தைப் பார்த்து வரையப்பட்டது. உண்மைப் பாதை 13.8 கிலோமீட்டர் நீளமும் 8.1 சதவீதச் சராசரிச் சரிவும் கொண்டது. செயலியில் இருப்பது 12.2 கிலோமீட்டரில் 1,036 மீட்டர் ஏறுகிறது. இரண்டிலும் கொண்டை ஊசி வளைவுகள் 21. மலையடிவாரத்தில் 21 என்ற எண்ணில் தொடங்கி மேலே செல்லச் செல்ல எண் குறைந்துகொண்டே வரும். உண்மை மலையில் ஒவ்வொரு வளைவிலும், டூர் டி பிரான்ஸ் மிதிவண்டிப் பந்தயத்தில் அங்கே முடிந்த ஒருநாள் கட்டத்தை வென்றவரின் பெயர்ப்பலகை இருக்கும். 1952இல் அந்தப் பந்தயம் முதன்முறையாக இந்த மலையில் முடிந்தபோது வென்றவர் இத்தாலியின் ஃபௌஸ்தோ கோப்பி. டூர் வரலாற்றில் மலையுச்சியில் முடிந்த முதல் கட்டமும் அந்த ஆண்டின் இந்தக் கட்டமே.

ஸ்விஃப்டில் உள்ள வென்-டாப் என்ற பாதைக்கு மூலம் தென்பிரான்சின் மோன் வான்தூ. ஏறத்தாழ 1,910 மீட்டர் உயரமுள்ள அந்த மலையில் பெதுவான் ஊரிலிருந்து ஏறுவதே பெரும்பாலோர் தேர்ந்தெடுக்கும் வழி. ஏறத்தாழ 21 கிலோமீட்டரில் 1,600 மீட்டர் உயர வேண்டும். முதலில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே மென்மையாகச் செல்லும் சாலை, ஓர் இடது வளைவுக்குப் பின் காட்டுக்குள் நுழைந்ததும் 9, 10 சதவீதமாகச் செங்குத்தாகி நெடுநேரம் தணியாமல் நீடிக்கும். உச்சிக்கு ஆறு கிலோமீட்டர் முன்பாக உள்ள ஷாலே ரெனாரைக் கடந்தால் மரங்களே கிடையாது. வெண்சுண்ணப் பாறையும் காற்றும் மட்டுமே. அந்தப் பகுதியில்தான் 1967 ஜூலை 13 அன்று பிரிட்டன் வீரர் டாம் சிம்ப்சன் பந்தயத்தின் நடுவே சரிந்து உயிரிழந்தார். உச்சியை நெருங்கும் இடத்தில் அவருக்கு நினைவுக்கல் உண்டு. மிதிவண்டி பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே, 1336இல், கவிஞர் பெட்ரார்க் இம்மலையில் ஏறியதாகத் தம் கடிதம் ஒன்றில் எழுதியிருக்கிறார். திரையில் ஓடும் படம் இந்த வரலாற்றைக் காட்டாது. ஆகையால் வென்-டாப்பில் ஏறுவோர் அதை ஒருமுறையாவது படித்துவிட்டு ஏறுவது நல்லது.

கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒரே ஒரு துணைக்கேள்வி: ஆல்ப் டு ஸ்விஃப்டை ஒரு மணி நேரத்தில் முடிப்பவர், உண்மையான ஆல்ப் துயெஸிலும் அதே நேரத்தில் ஏறிவிடுவாரா?

மூன்றாவது பதில்

கணக்கு எளிது. ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 1,100 மீட்டர் உயர, புவியீர்ப்பை வெல்வதற்கு மட்டும் ஏறத்தாழ 240 வாட் வேண்டும். டயர் உராய்வு, காற்றுத் தடை, சங்கிலியில் வீணாகும் ஆற்றல் எல்லாம் சேர்ந்தால் அது 275 வாட்டை நெருங்கும். செயலியில் உள்ள ஏற்றம் சற்றே குட்டையானது என்பதால், அதே வாட்டில் உண்மை மலை சில நிமிடங்கள் கூடுதலாக எடுக்கும்.

ஆனால் அதே வாட்டை மலையில் தர முடியுமா என்பதே முக்கியமான கேள்வி. வண்டியைப் பொருத்தி மிதிக்கும் கருவியான டிரெய்னர், திரையில் உள்ள சரிவை எந்த அளவுக்குக் காலுக்கு உணர்த்த வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது ஸ்விஃப்டின் டிரெய்னர் கடினத்தன்மை என்ற அமைப்பு; அது நீங்கள் மாற்றாதவரை பாதி அளவில்தான் இருக்கும். பத்து சதவீதச் சரிவு உங்கள் காலுக்கு ஐந்து சதவீதமாகவே தெரியும். தேவைப்படும் ஆற்றல் குறையாது, ஆனால் வசதியான கியரில் வேகமாகச் சுழற்ற முடியும். மலையில் அந்தச் சலுகை இல்லை. முன்னே 34 பல், பின்னே 28 பல் உள்ள கியரில் பத்து சதவீதச் சரிவை 250 வாட்டில் ஏறினால், நிமிடத்துக்கு 70 சுற்று அளவில்தான் மிதிக்க முடியும். ஆல்ப் துயெஸின் தொடக்கக் கிலோமீட்டர்கள் பத்து சதவீதத்தைத் தாண்டுபவை என்பதால், முதல் சில நிமிடங்களிலேயே இந்த வேறுபாட்டை உணர்வீர்கள்.

மலைக்குத் தயாராகிறவர் அந்த அமைப்பை முழு அளவுக்கு ஏற்றிவிட வேண்டும். வாட்டைத் தானே நிலைநிறுத்தும் எர்க் முறையில் லாமார்க் செய்பவர், முன்பக்கத்தில் சிறிய பல்சக்கரத்தைப் பயன்படுத்தி டிரெய்னரின் கனமான சுழல்சக்கரமான ஃப்ளைவீலை மெதுவாகச் சுழலவிட வேண்டும். அப்போது ஒவ்வொரு மிதிக்கும் நடுவே உந்துவிசை விரைவில் அடங்கிவிடும்; ஏற்றத்தில் கால் உணர்வதும் அதுதான். எனவே, பெயரைத் தவிர மலையோடு தொடர்பில்லாத லாமார்க் பயிற்சிகூட, இப்படிச் செய்தால் ஆல்ப் துயெஸுக்கு மிக நல்ல தயாரிப்பாகும் என்பதே என் உறுதியான கருத்து.

நான்காவது பதில்

கெய்கர் விடுபட்டுவிட்டது. அந்தப் பெயரில் ரினோவுக்குத் தெற்கே ஒரு மலைச்சாலையே உண்டு. வெள்ளிச் சுரங்க நகரமான வர்ஜீனியா சிட்டிக்குச் செல்வதற்காக 1860களில் சுங்கச்சாலையாக அமைக்கப்பட்ட கெய்கர் கிரேட், இன்று அனைவருக்கும் திறந்த தார்ச்சாலையாக இருக்கிறது. மிதிவண்டி ஓட்டிகள் அதில் ஏறுகிறார்கள். அங்கிருந்து தெற்கே சென்றால் 2,500 மீட்டருக்கு மேற்பட்ட மானிட்டர் கணவாயும் அதைவிட உயரமான எபெட்ஸ் கணவாயும் இருக்கின்றன. டெத் ரைட் என்ற ஒருநாள் மிதிவண்டிப் பயணம் இவற்றின் வழியாகவே நடக்கிறது. பனிக்காலத்தில் இரண்டு கணவாய்களையும் மூடிவிடுவார்கள் என்பதால், போக நினைப்பவர் கோடையைத் தேர்ந்தெடுத்து, புறப்படும் முன் சாலை திறந்திருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.