ஆம்ப் மாடலர், பவர்ட் ஸ்பீக்கர்: பெருக்கிநிகரி, உட்பெருக்கி ஸ்பீக்கர் எனலாமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். வீட்டில் எலெக்ட்ரிக் கிட்டார் பழகுவோருக்கான கையேட்டு வரைவுக்காக மாடலர் (கிட்டார் ஆம்ப்பின், அதாவது ஆம்ப்ளிஃபையரின், ஒலியை அப்படியே ஒத்துத் தரும் கருவி), பவர்ட் ஸ்பீக்கர் (ஆம்ப் உள்ளேயே அமைந்த ஸ்பீக்கர்) இரண்டுக்கும் தமிழ்ச்சொல் கேட்டிருந்தீர்கள். இதுவரை மாதிரியாக்கி, பாவிப்பி, சக்தியூட்டிய ஒலிபெருக்கி ஆகியவை வந்திருக்கின்றன. மூன்றிலும் எனக்கு உடன்பாடு இல்லை. இந்தக் கருவிகளில் எதை எதோடு இணைப்பது என்ற குழப்பத்தில்தான் பலர் தவறான பெட்டியை வாங்கிவிடுகிறார்கள். நாம் வைக்கும் பெயர் அந்தக் குழப்பத்தைத் தீர்க்க வேண்டும், குறைந்தபட்சம் கூட்டக் கூடாது.

முதலில் பொருளைப் பார்ப்போம். கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் கிட்டாரின் பிக்கப்பிலிருந்து வரும் சிக்னல் மிக மெலிதானது. அது, சிக்னலை முதலில் உயர்த்தும் ப்ரீஆம்ப், ஸ்பீக்கரை இயக்கும் அளவுக்குப் பெருக்கும் பவர் ஆம்ப், ஸ்பீக்கர் பெட்டி என்று மூன்று கட்டங்களைக் கடந்துதான் நம் காதுக்கு வருகிறது. மூன்றுமே ஒலியின் குணத்தை மாற்றுகின்றன. வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்பை நன்றாக உரக்க வைத்து, வால்வுகள் திணறும்போதுதான் கிட்டார்காரர்கள் விரும்பும் அந்தக் கரகரப்பு முழுதாக வரும். அடுக்குமாடிக் குடியிருப்பில் அது நடக்கிற காரியம் இல்லை. 100 வாட்டுக்குப் பதில் 10 வாட் ஆம்ப் வாங்கினால் போதுமே என்று கேட்கலாம். திறன் பத்தில் ஒரு பங்கானால் ஒலி 10 டெசிபெல்தான் குறைகிறது. காதுக்கு அது ஏறக்குறைய பாதி உரப்பு, அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரர் அப்போதும் கதவைத் தட்டுவார். உரப்பைக் குறைத்தாலும் ஒலியின் குணம் மாறாமல் இருக்க வேண்டும் என்ற தேவைக்காக வந்ததுதான் மாடலர்.

இனி உங்கள் மடல்களுக்கு வருகிறேன்.

> மாடல் என்றால் மாதிரி. மாடலர் என்றால் மாதிரியாக்கி. எளிதாகப் புரியும்.

புரிவது போலத்தான் இருக்கிறது. ஆனால் எண்முறை (டிஜிட்டல்) ஒலியில் "மாதிரி" என்ற சொல்லுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. தொடர்ச்சியான சிக்னலை நொடிக்கு 48,000 முறை அளந்து எண்ணாக்கும்போது, அந்த ஒவ்வோர் அளவையும் மாதிரி என்கிறோம். மாதிரி வீதம் என்றும் எழுதுகிறோம். அதோடு சாம்ப்ளர் என்று தனியாக ஒரு கருவி இருக்கிறது. அது பதிந்து வைத்த ஒலியைத் திருப்பி ஒலிக்கும். மாடலரில் பதிந்து வைத்த கிட்டார் ஒலி எதுவும் கிடையாது. நாம் மீட்டுவதை வாங்கி, ஆம்ப் அதை என்ன செய்திருக்குமோ அதை அந்தக் கணமே கணக்கிட்டு வெளியே விடுகிறது. மாதிரியாக்கி என்று பெயர் வைத்தால் இந்த இரண்டு கருவிகளும் ஒன்றாகிவிடும்.

> சிமுலேட்டருக்குப் பாவிப்பி என்று முன்பே முடிவு செய்தோமே, அதையே பெருக்கிப் பாவிப்பி என நீட்டலாம்.

யாழ்ப்பாணத்து நண்பர் இதை மறுத்தது முற்றிலும் சரி. ஈழத்தில் பாவித்தல் என்றால் பயன்படுத்துதல். "இந்த மருந்தைப் பாவியுங்கோ" என்று அன்றாடம் பேசுகிற மக்களுக்குப் பாவிப்பி என்பது கருவியைக் குறிக்காது, அதைப் பயன்படுத்துகிறவரைத்தான் குறிக்கும். கடலுக்கு இந்தப் பக்கம் மட்டும் செல்லுபடியாகும் சொல் நமக்கு வேண்டாம்.

என் பரிந்துரை "பெருக்கிநிகரி". மெய்நிகர் என்ற சொல் பத்திரிகை வரைக்கும் பழகிவிட்டது. நிகர் என்ற வேரில் ஒத்திருத்தல் என்ற பொருள் தெளிவாக இருக்கிறது. பெருக்கு, பெருக்கி ஆவது போல நிகர், நிகரி ஆகிறது. நிகர லாபம் என்று கணக்கர்கள் சொல்வது வேறு பொருள், ஆனால் சூழலே அதைப் பிரித்துவிடும். ஆம்ப் நிகரி என்றே விடலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். மின்சாதனக் கடையில் "15 ஆம்ப் பிளக்" என்றுதான் கேட்கிறோம். அங்கே ஆம்ப் என்பது ஆம்பியர். பேச்சில் ஆம்ப் இருந்துவிட்டுப் போகட்டும், எழுத்தில் பெருக்கியே நல்லது.

இந்தச் சொல் எல்லா வகைகளுக்கும் பொருந்துகிறதா என்றும் பார்த்தேன். 1989இல் டெக் 21 நிறுவனம் கொண்டுவந்த சான்ஸ்ஆம்ப் முழுக்க அனலாக் சுற்று, கணினியே கிடையாது. 1998இல் லைன் 6 வெளியிட்ட சிவப்பு நிற பாட் எண்முறைக் கருவி. இரண்டும் வேறொரு பெருக்கியை நிகர்க்கின்றன, ஆகவே பெருக்கிநிகரி என்ற பெயர் இரண்டுக்கும் நிற்கும். 2011இல் வந்த கெம்பர் என்ற கருவி வேறு வழியில் போகிறது. உண்மையான ஆம்ப்புக்குள் சோதனை ஒலிகளை அனுப்பி, வெளியே வருவதைக் கேட்டு, அந்த ஆம்ப்பின் நடத்தையை எடுத்து வைத்துக்கொள்கிறது. திறந்த மூல மென்பொருளான நியூரல் ஆம்ப் மாடலர், உள்ளே போன ஒலியையும் வெளியே வந்த ஒலியையும் ஒப்பிட்டு நரம்பியல் வலைப்பின்னலைப் பழக்குகிறது. இவ்வகைக் கருவிகளில் கேப்சர், புரொஃபைல் என்று ஆளுக்கொரு பெயர் புழங்குகிறது. எல்லாவற்றுக்கும் பொதுவாகப் "படி" என்று வைக்கலாம். ஓலைச்சுவடியைப் படியெடுத்தோம், பெருக்கியையும் படியெடுக்கலாம். "இந்த நிகரியில் மார்ஷல் ஆம்ப்பின் படி ஒன்று இருக்கிறது" என்று எழுதினால் உறுத்தவில்லை.

அடுத்து பவர்ட் ஸ்பீக்கர். இதில்தான் எனக்கு உண்மையான கவலை.

> சக்தியூட்டிய ஒலிபெருக்கி என்பதில் என்ன குறை?

இரண்டு பாதியிலும் குறை இருக்கிறது. பவர் என்பதைத் தமிழ்நாட்டு இயற்பியல் நூல்கள் திறன் என்கின்றன, இலங்கை நூல்கள் வலு என்கின்றன. சக்தி என்றால் இலங்கையில் எனர்ஜி. சரி, அதைக்கூடச் சமாளிக்கலாம். பின்பாதியைச் சமாளிக்க முடியாது. ஸ்பீக்கரை ஒலிபெருக்கி என்று எழுதிப் பழகிவிட்டோம், ஆனால் தனி ஸ்பீக்கர் எதையும் பெருக்குவதில்லை. கொடுத்த மின்சிக்னலை ஒலியாக மாற்றுவதோடு அதன் வேலை முடிகிறது. பெருக்குவது ஆம்ப். கோயில் திருவிழாவில் மைக், ஆம்ப், குழாய் ஸ்பீக்கர் எல்லாம் ஒரே மைக்செட்டாக வந்ததால் மொத்தத்தையும் ஒலிபெருக்கி என்றது அன்றைக்குப் பொருந்தியது. இன்று கடையில் ஆம்ப் தனி, ஸ்பீக்கர் தனி, இரண்டும் சேர்ந்தது தனி.

இதைப் பெயர் வம்பு என்று தள்ளிவிடாதீர்கள். நிகரியின் வெளிச்சிக்னல் மெலிதானது. ஆம்ப் இல்லாத வெறும் ஸ்பீக்கரில் அதைச் செருகினால் ஏறக்குறைய ஒன்றுமே கேட்காது. மறுபக்கம், ஆம்ப்பின் ஸ்பீக்கர் வெளியீட்டைக் கொண்டுபோய் உள்ளே ஆம்ப் உள்ள ஸ்பீக்கரில் செருகினால் அதன் உள்ளீட்டுப் பகுதி பழுதாகலாம். அந்த ஆம்ப் வால்வு வகையாக இருந்தால், சரியான சுமை (அதற்கேற்ற வெறும் ஸ்பீக்கர்) இல்லாமல் அதன் டிரான்ஸ்ஃபார்மரும் போகலாம். "ஒலிபெருக்கியை ஒலிபெருக்கியுடன் இணைக்காதீர்கள்" என்று கையேட்டில் எழுதினால் வாசகர் என்ன செய்வார்?

ஆகவே "உட்பெருக்கி ஸ்பீக்கர்". பெருக்கி உள்ளேயே இருக்கிறது என்று பெயரே சொல்லிவிடும். திறன், வலு, சக்தி என்ற சிக்கலும் இல்லை. மற்றது வெறும் ஸ்பீக்கர். ஸ்பீக்கர் என்ற சொல்லை இப்போதைக்கு அப்படியே வைக்கிறேன். ஒலிப்பான் என்று பார்த்தேன், காற்று ஒலிப்பான் என்று பேருந்து ஹார்னுக்குப் போய்விட்டது. ஒலிவாங்கிக்கு இணையாக ஒலிவிடுவி என்று ஒரு யோசனை வந்திருந்தது. கட்டமைப்பு சரிதான், ஆனால் நாவில் ஏற மறுக்கிறது.

இங்கே இன்னொரு பிரிவு உண்டு, ஸ்பீக்கர் வாங்குபவர் கட்டாயம் அறிய வேண்டியது. கிட்டார் ஆம்ப்பில் உள்ள ஸ்பீக்கர் எல்லா ஒலியையும் தராது. செலஷன் கிரீன்பேக் ஸ்பீக்கரின் வீச்சு 75 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை என்று அந்த நிறுவனமே குறிப்பிடுகிறது. அதற்கு மேல் சரசரவென்று இறங்கிவிடும். திணறிய ஆம்ப்பின் காதைக் கீறும் உச்ச ஒலிகளை அந்தச் சரிவுதான் வடிகட்டுகிறது. பாட்டு கேட்கும் ஸ்பீக்கரோ, ஸ்டூடியோ மானிட்டரோ 20,000 ஹெர்ட்ஸ் அளவுக்கும் போகும். நிகரி ஸ்பீக்கர் பெட்டியின் குணத்தையும் சேர்த்தே நிகர்க்கும், அதை அணைக்க ஒரு பொத்தானும் இருக்கும். அதை அணைத்துவிட்டு இவற்றில் வாசித்தால் தேனீக் கூட்டம் போல ரீங்காரமிடும். பலர் "மாடலர் என்றாலே இப்படித்தான்" என்று விற்றுவிடுவது இந்த ஒரு பொத்தானால். இதற்கு நேர்மாறு, பெட்டிக் குணத்தோடு வரும் சிக்னலைச் சாதாரண கிட்டார் ஆம்ப்பில் செருகுவது. இரண்டு பெட்டிகள் வரிசையாக வடிகட்ட, ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கிவிடும்.

ஆகவே ஸ்பீக்கரில் தன் குணத்தைச் சேர்ப்பது, சேர்க்காமல் உள்ளதை அப்படியே ஒலிப்பது என்று இரண்டு வகைக்கும் பெயர் வேண்டும். முதலாவதைக் கிட்டார் ஸ்பீக்கர் என்றே சொல்லலாம். இரண்டாவதைக் கடைக்காரர்கள் எஃப்ஆர்எஃப்ஆர் (ஃபுல் ரேஞ்ச் ஃபிளாட் ரெஸ்பான்ஸ்) என்கிறார்கள். முழுவீச்சுச் சமநிலை என்று மொழிபெயர்த்ததில் எனக்கு மனம் ஒப்பவில்லை, சொல் நீளம், பொருள் மங்கல். "நிறமேற்றா ஸ்பீக்கர்" என்றால் என்ன? ஒலிக்கு நிறம் சேர்ப்பது என்று இசைக்காரர்களே பேசுகிறார்கள், இது அவர்களிடம் நிற்கும்.

பெட்டியின் குணத்தைப் பதிந்து வைக்கும் கோப்பை ஐஆர் (இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்) என்கிறோம். இயற்பியலில் கணத்தாக்கு என்ற சொல் இருப்பதால் கணத்தாக்குத் துலங்கல் என்று பொறியியல் நூலில் எழுதலாம், அங்கே அதுதான் முறை. கிட்டார் பழகும் பிள்ளைக்கு அது சுமை. அவருக்குப் "பெட்டித்தடம்" போதும். பெட்டிக்குள் ஓர் ஒலியை அனுப்பி, மைக் கேட்டதை எடுத்து வைப்பதுதானே அது. 48,000 மாதிரி வீதத்தில் 2,048 மாதிரிகள் நீளமுள்ள தடம் ஏறக்குறைய 43 மில்லிநொடி. மைக்கின் குணமும் தடத்தில் சேர்ந்துவிடுவதை மறக்க வேண்டாம். அதனால்தான் நிறமேற்றா ஸ்பீக்கரில் கேட்கும் கிட்டார், இசைத்தட்டில் கேட்கும் கிட்டார் போல இருக்கும். அறைக்குள் ஆம்ப் நிற்பது போன்ற உணர்வை எதிர்பார்த்து வாங்குபவரிடம் இதைச் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் லேட்டன்சி, அதாவது மீட்டியதற்கும் ஒலி கேட்பதற்கும் இடையே ஆகும் நேரம். தாமதம் என்று வரைவில் இருக்கிறது. கிட்டாரில் டிலே என்ற விளைவு வேண்டுமென்றே சேர்க்கப்படுவது, தாமதம் என்ற சொல்லை அதற்கு விடுவோம். வேண்டாத தாமதத்துக்குக் கணித்தமிழில் சிலர் எழுதும் சுணக்கம் நன்றாகப் பொருந்துகிறது. ஒலி ஒரு மில்லிநொடியில் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் போகும். நிகரியின் 3 மில்லிநொடிச் சுணக்கம் என்பது ஸ்பீக்கரிலிருந்து ஒரு மீட்டர் கூடுதலாகத் தள்ளி உட்காருவதற்குச் சமம், யாரையும் தொந்தரவு செய்யாது. சாதாரண புளூடூத்தின் சுணக்கம் 100 மில்லிநொடியைத் தாண்டுவது வழக்கம். அதில் வாசிக்கவே முடியாது.

சொற்கள் நிற்குமா என்று பார்க்கக் கையேட்டுக்கு ஒரு பத்தி எழுதினேன்:

"வீட்டில் பழகப் பெருக்கிநிகரி வாங்குகிறீர்கள் என்றால் எத்தனை படிகள் உள்ளன என்பதைக் கடைசியில் பாருங்கள். ஹெட்போன் துளை இருக்கிறதா, பெட்டித்தடத்தைத் தனியாக அணைக்க முடிகிறதா என்பதை முதலில் பாருங்கள். கிட்டாரை நிகரியின் கிட்டார் உள்ளீட்டில்தான் செருக வேண்டும். அதன் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) ஒரு மெகா ஓம் அளவில் இருக்கும். மிக்சரின் லைன் உள்ளீட்டில் நேராகச் செருகினால் உச்ச ஒலிகள் மங்கும். சிறிய அறைக்கு 5 அங்குல உட்பெருக்கி ஸ்பீக்கர் இரண்டு போதும். கிட்டாரின் ஆகத் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ், யமஹா எச்எஸ்5 போன்ற ஸ்பீக்கர்கள் 54 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். மேடைக்குச் செய்த 12 அங்குலப் பெட்டி இந்த அறைக்குத் தேவையில்லை. ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டி வைத்தால் கீழ் ஒலி வீங்கும், சற்று முன்னே இழுத்து வையுங்கள். இவ்வளவு இணைப்பு வேண்டாம் என்பவருக்கு நிகரியும் உட்பெருக்கி ஸ்பீக்கரும் ஒரே கூட்டில் உள்ள யமஹா டிஎச்ஆர் போன்றவை உண்டு. உரப்பு குறையும்போது கீழ் ஒலிகளும் உச்ச ஒலிகளும் காதுக்குக் குறைவாகவே எட்டும் என்பதை 1933இலேயே ஃபிளெச்சரும் மன்சனும் அளந்து காட்டினார்கள். ஆகவே வீட்டில் மெதுவாக வைத்து அமைத்த தொனியை மேடைக்குக் கொண்டுபோகுமுன் அங்கே உள்ள உரப்பில் மறுபடி சரிசெய்யுங்கள்."

எனக்கு இது தடங்கலின்றிப் படிக்க வருகிறது. ப்ரீஆம்ப்புக்கு முன்பெருக்கி என்றும், பவர் ஆம்ப்புக்கு இறுதிப்பெருக்கி என்றும் வைத்தால் இந்தக் குடும்பம் முழுதாகிறது. திறன்பெருக்கி என்பதை மறுபடி திறன், வலு சிக்கலுக்காகத் தவிர்த்திருக்கிறேன்.

நிறமேற்றா என்பதில் யாருக்காவது மறுப்பு இருக்கும் என்று நினைக்கிறேன். ஸ்பீக்கருக்கு மலேசியா, சிங்கப்பூர் நண்பர்கள் மேடையில் என்ன சொல் புழங்குகிறார்கள் என்பதையும் தெரிவித்தால், வரைவு அச்சுக்குப் போகுமுன் சேர்த்துவிடலாம்.

அன்புடன்