மறு: பாத்திரங்களின் தலைமைச் சண்டைக்குத் தமிழில் என்ன சொல்?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசியும் பகடை உருட்டியும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதை நடத்தும் ஆட்டங்களில், யார் முன்னால் நின்று வழி நடத்துவது என்று பாத்திரங்கள் தங்களுக்குள் போடும் சண்டைக்கு இந்த இழையில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: உட்கட்சிப் பூசல், தலைமைப் போட்டி, தலைமைச் சண்டை. மூன்றையும் எங்கள் ஆட்ட மேசையில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். முதலாவதைச் சொன்னதுமே எல்லாருக்கும் செய்தித்தாள் ஞாபகம் வந்துவிட்டது. இவ்வகை ஆட்டமான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் 'பார்ட்டி' என்பது ஒரே வழியில் சேர்ந்து நடக்கும் நாலைந்து பேர். அதைக் கட்சி என்றால் கொடியும் கூட்டணியும் கூடவே வந்துவிடும். குழு என்பதே போதும்.

'தலைமைப் போட்டி'யில் வேறு குறை. போட்டி என்றால் ஜெயித்தவருக்குக் கொடுக்க ஒரு பதவி வேண்டும். பாத்திரங்களுக்குள் அப்படி எதுவும் கிடையாது. இடப்பக்கம் திரும்புவதா வலப்பக்கமா, பிடிபட்டவனை விட்டுவிடுவதா கட்டி இழுத்துப் போவதா என்பதில்தான் சண்டை.

'தலைமைச் சண்டை' ஏன் போதவில்லை என்பதற்கு, போன மாதம் எங்கள் மேசையில் நடந்ததைச் சொல்கிறேன். பாதாள அறையில் ஓர் இரும்புக் கதவு. பாலடின் (அறம் காக்கச் சபதமேற்ற வீரன்) பாத்திரம், "நான் திறக்கிறேன், எல்லாரும் என் பின்னால் நில்லுங்கள்" என்றது. திருடன் பாத்திரம் கதவுக்குக் குறுக்கே வந்து நின்றது. "பொறி இருக்கிறதா என்று நான் பார்க்காமல் யாரும் கை வைக்கக் கூடாது. உன்னைத் தலைவன் என்று யார் சொன்னது?" கால் மணி நேரம் அருமையாகப் போனது. மற்ற இருவரும் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள். அப்புறம் பாலடினை ஆடிய நண்பர் கையிலிருந்த இருபது முகப் பகடையை உருட்டாமல் பாத்திரத் தாளின் மேல் வைத்தார். "எப்பவும் நீ சொல்றதுதான் நடக்கணுமா?" என்றார். அது பாலடினின் மிடுக்கான குரல் இல்லை, அவருடைய சொந்தக் குரல். ஆட்டத்தை நடத்திக்கொண்டிருந்த நான் அந்த நொடியே கேட்டிருக்க வேண்டும்: கோபம் உங்களுக்கா, பாலடினுக்கா? என்னிடம் இருந்த சொல்லோ ஒன்றுதான். கால் மணி நேரம் நடந்ததும் தலைமைச் சண்டை, அந்த நொடியில் தொடங்கியதும் தலைமைச் சண்டை.

அதனால் இரண்டு சொல் வேண்டும் என்கிறேன்: பாத்திரங்களுக்குள் நடப்பதற்கு ஒன்று, ஆட்டக்காரர்களுக்குள் நடப்பதற்கு ஒன்று. இரண்டாவதற்கு 'மேசைச் சண்டை' என்று வைத்துக்கொள்ளலாம், அதில் எனக்குக் குழப்பம் இல்லை. முதலாவதுதான் கஷ்டம். அதற்கு முன் 'தலைவர்' என்ற சொல்லையே கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஆங்கிலத்தில் 'லீடர்' ஒரே சொல்லாக இருந்துகொண்டு பல வேலை பார்க்கிறது. 1974-இல் வந்த முதல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நூல்களில் மாதிரி உரையாடல் ஆட்டத்தை நடத்தும் நடுவருக்கும் 'காலர்' என்ற ஒரே ஆட்டக்காரருக்கும் இடையில்தான் நடக்கிறது. குழு என்ன செய்யப்போகிறது என்று எல்லார் சார்பிலும் சொல்பவர் அவர். அதே ஆட்டத்தின் 1981 பேசிக் தொகுப்பிலும் அவர் இருக்கிறார். கவர்ச்சி மதிப்பெண் கூடுதலாக உள்ள பாத்திரத்தை ஆடுபவர் அந்த வேலையைப் பார்ப்பது நல்லது என்கிறது அது. கதைக்குள் இருக்கும் குணத்தை வைத்து மேசையில் யார் பேசுவது என்று முடிவு செய்தால், இரண்டும் கலக்காமல் எப்படி இருக்கும்? பிறகு 2008-இல் அந்த ஆட்டத்தின் நான்காம் பதிப்பு 'லீடர்' என்பதை ஒரு பாத்திர வகைக்கே பெயராக வைத்தது. காயம் ஆற்றி, கூட இருப்பவர்களுக்குப் பலம் கூட்டும் கிளெரிக்கும் (பூசாரி) வார்லார்டும் (படை நடத்துபவர்) அந்த வகை. இந்த வகையில் இருப்பதாலேயே அவர் குழுவின் தளபதி ஆகிவிட மாட்டார் என்று அந்தப் பதிப்பே விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. தமிழில் நாம் அந்தச் சிக்கலை இழுத்து வர வேண்டியதில்லை. காலரைக் 'குரலாள்' என்போம். நான்காம் பதிப்பின் லீடரைத் 'துணைவலி' என்போம். பழைய சொல், பொருளும் பொருந்துகிறது.

கதைக்குள் முன்னால் நின்று வழி காட்டும் பாத்திரத்துக்கு நான் முன்வைப்பது 'முன்னேர்'. முன்னேர் போன வழியில் பின்னேர் என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அதேதான். வயலில் நாலைந்து ஏர் வரிசையாக உழும்போது முதலில் போகும் ஏர் சால் போடுகிறது, மற்றவை அதையொட்டி வருகின்றன. முன்னேர்க்காரர் மற்றவர்களுக்கு முதலாளி இல்லை. அவர் சால் கோணினால் எல்லார் சாலும் கோணும், அவ்வளவுதான். குழுவில் தலைமை என்பது இதுதான்: அதிகாரம் இல்லாத முதலிடம். அந்த இடத்துக்காகப் பாத்திரங்கள் மோதிக்கொள்வது 'முன்னேர்ப் பூசல்'.

சொல் தாங்குகிறதா என்று வேறு ஆட்டங்களில் வைத்துப் பார்த்தேன். 1984-இல் வந்த பாரனோயாவில், கதையில் நகரத்தை ஆளும் கணினிதான் குழுத் தலைவரை நியமிக்கும். கூட இருப்பவர்கள் அவரைக் கவிழ்க்கப் பார்ப்பார்கள். ஆளுக்கு ஆறு உயிர் என்பதால் செத்தாலும் ஆட்டம் நிற்காது. அங்கே முன்னேர்ப் பூசல்தான் ஆட்டமே, மேசைச் சண்டை வந்தால் மட்டுமே தவறு. இரண்டு சொல் இருப்பதால் இதை ஒரே வரியில் சொல்ல முடிகிறது. 2017-இன் பிளேட்ஸ் இன் த டார்க்கில் கூட்டாக ஒரு செயலில் இறங்கும்போது ஒருவர் முன்னால் நிற்பார். உருட்டலில் தோற்கும் ஒவ்வொருவருக்காகவும் அவர் ஒரு அழுத்தப் புள்ளி ஏற்க வேண்டும். அடுத்த செயலுக்கு வேறொருவர் நிற்கலாம். இதற்குத் தலைவர் என்ற சொல் கனம் கூடுதல், முன்னேர் சரியாக உட்காருகிறது.

நகரத்துப் பிள்ளைகளுக்கு ஏர் தெரியுமா என்று ஒரு அம்மா முன்பே வேறொரு சொல்லுக்குக் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. எங்கள் மேசையில் இருவர் ஏரைப் படத்தில் மட்டுமே பார்த்தவர்கள். ஆனால் இரண்டாவது வாரமே அவர்களில் ஒருவர், "இந்தக் குகைக்கு நான் முன்னேர் பிடிக்கிறேன்" என்றார். ஏர் பிடிப்பது என்ற வழக்கிலிருந்து வினைச்சொல்லும் தானாக வந்துவிட்டது, நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

பன்மையில் 'முன்னேர்கள்' காதுக்கு இடிக்கிறது. வேறு வழி தோன்றினால் எழுதுங்கள்.