புதுப்பிப்பு: திருடுபோன பைக் கைக்கு வந்துவிட்டது

திருடுபோன என் பைக்கைக் காவல்துறையினர் மீட்ட பிறகும், நீதிமன்ற உத்தரவின்றித் தர இயலாது என்று நிலையத்தில் கூறியதை முன்பு எழுதியிருந்தேன். குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 497ஆம் பிரிவின்கீழ் (பழைய சட்டத்தில் 451) மனுத் தாக்கல் செய்து, ஆர்.சி., காப்பீட்டுச் சான்று, முதல் தகவல் அறிக்கையின் நகல் ஆகியவற்றை இணைத்ததன் பேரில், வண்டி இடைக்காலப் பொறுப்பில் என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. கைப்பற்றிய வாகனங்களை நிலைய வளாகத்தில் நெடுங்காலம் போட்டுவைப்பதில் பயனில்லை என்று 2002இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியதை வழக்கறிஞர் சுட்டிக்காட்டினார்; அங்கே துருப்பிடித்து நிற்கும் வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு அதன் நியாயம் எளிதில் விளங்கும். பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பதால், வழக்கு முடியும்வரை வண்டியை விற்கவோ நிறம் மாற்றவோ கூடாது. நீதிமன்றம் கேட்கும்போது கொண்டுவந்து காட்டவும் வேண்டும்.