கிரிஸ்டல் பேலஸைத் தேடிப் போன அனுபவம் உண்டா? இந்தக் கேள்விக்கு நான்கு பேர் எழுதிய பதில்கள் இவை.

லண்டனில் வேலையாக இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை கிரிஸ்டல் பேலஸ் ஸ்டேஷனில் இறங்கினேன். இரும்பும் கண்ணாடியுமாகக் கட்டிய அந்தப் பெரிய கண்காட்சி மாளிகை 1936 நவம்பர் 30 இரவு எரிந்துபோன கதை தெரிந்துதான் போனேன். ஆனாலும் இல்லாத கட்டடத்துக்கு இத்தனை படிக்கட்டுகளா! அகலமான கல்படிகள், இருபுறமும் செங்காவி பூசிய ஸ்ஃபிங்க்ஸ் சிலைகள். மூச்சு வாங்க ஏறினால் மேலே வெறும் புல்லும் மரங்களும். பக்கத்தில் 219 மீட்டர் உயர டிவி கோபுரம்.

முதலில் இது இங்கே இல்லை. பல நாட்டுப் பொருட்களைக் காட்சிக்கு வைத்த 1851 பெருங்கண்காட்சிக்காக, லண்டன் நடுவிலுள்ள ஹைட் பார்க்கில் 1,848 அடி நீளத்துக்குக் கட்டினார்கள். ஐந்தரை மாதத்தில் 60 லட்சம் பேர் வந்தார்கள். கண்காட்சி முடிந்ததும் பிரித்தெடுத்து, இந்த சிடன்ஹாம் மலையில் இன்னும் பெரிதாக எழுப்பி 1854-ல் திறந்தார்கள். இரும்பும் கண்ணாடியும் எப்படி எரியும் என்று கேட்டால், தரையெல்லாம் மரப்பலகை. பூங்காவில் பேச்சுக் கொடுத்த ஒரு பெரியவர், தன் அம்மா வீட்டு மாடியிலிருந்தே அந்தத் தீயைப் பார்த்ததாகச் சொன்னார். எட்டு மாவட்டங்களில் தெரிந்த தீ என்பார்கள், அதனால் நம்பினேன்.

* * *

படிக்கட்டோடு திரும்பிவிட்டீர்களா? கீழே ஏரிக்கரையில் டைனோசர்கள் இருக்கிறதே! மகனோடு போயிருந்தேன். "அப்பா, இது தப்பு" என்று வேலியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கணக்குத் தீர்த்தான். இகுவானடானுக்கு மூக்கின் மேல் கொம்பு வைத்திருக்கிறார்கள். உண்மையில் அது கட்டைவிரல் முள். 1850-களில் கையிலிருந்த சில எலும்புகளை வைத்து வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் என்ற சிற்பி செய்த சிலைகள் அவை. அதற்கு முன்னால் உலகில் யாரும் டைனோசரை முழு அளவில் செய்து பார்த்ததில்லை. 1853-ன் கடைசி நாளில் இகுவானடானின் அச்சுக்குள்ளேயே மேசை போட்டு அறிஞர்களுக்கு விருந்து வைத்தாராம். மாளிகை சாம்பலாகிப்போக, தப்புத்தப்பான இந்தப் பிராணிகள் மட்டும் நிற்கின்றன. எனக்கென்னவோ இவைதான் அங்கே பார்க்க வேண்டியவை.

* * *

நான் அந்த மலைப்பக்கம் போனதில்லை. ஆனால் லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்தில் ராட்சத அல்லியைப் பார்த்தபோது கிரிஸ்டல் பேலஸ்தான் ஞாபகம் வந்தது. ஒரு இலையின் விளிம்பு மடங்கிக் கிடந்ததால் அடிப்பக்கம் தெரிந்தது. நடுவிலிருந்து விரியும் தடித்த நரம்புகள், அவற்றைக் குறுக்கே இழுத்துக் கட்டும் மெல்லிய நரம்புகள், நெடுக முட்கள். கட்டடத்தை வரைந்த ஜோசப் பாக்ஸ்டன், சாட்ஸ்வர்த் என்ற பிரபு மாளிகையில் தலைமைத் தோட்டக்காரர். 1849-ல் இந்த அல்லியை இங்கிலாந்தில் முதன்முதலாகப் பூக்க வைத்தவர் அவர். இலை எடை தாங்குமா என்று பார்க்கத் தன் சின்ன மகளையே அதன்மேல் நிற்க வைத்திருக்கிறார்! கண்ணாடிக் கூரைக்கான யோசனை இந்த இலையிலிருந்துதான் வந்தது என்று பின்னால் அவரே சொன்னார்.

கண்காட்சிக் கட்டடத்துக்குப் போட்டியில் 200-க்கு மேற்பட்ட வரைபடங்கள் வந்து, ஒன்றும் சரிப்படவில்லை. 1850 ஜூனில் ஒரு ரயில்வே கூட்டத்தில் உட்கார்ந்தபடியே இவர் மை ஒற்றும் தாளில் கிறுக்கியதுதான் கடைசியில் எழுந்து நின்றது. அந்தத் தாள் இன்று விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தின் வசம் இருக்கிறது. அந்த மியூசியம் வளர்ந்ததே கண்காட்சி லாபத்தில்தான்.

* * *

மாளிகை நின்ற இடத்தை ஒட்டிய சாலைக்கு அடியில் இருக்கும் சுரங்க நடைபாதையை யாரும் சொல்லவில்லையே. 1865-ல் மேலே இன்னொரு ஸ்டேஷன் வந்தபோது, முதல் வகுப்புப் பயணிகள் நேரே மாளிகைக்குள் நுழையக் கட்டியது. ஸ்டேஷன் 1954-ல் மூடப்பட்டு, பிறகு இடிக்கப்பட்டது. பாதை தப்பித்தது. உள்ளே எண்கோணத் தூண்கள் விசிறி மாதிரி விரிந்து கூரையைத் தொடுகின்றன, சிவப்பும் வெளிர்மஞ்சளுமாகச் செங்கல் மாற்றி மாற்றி. இரண்டாம் உலகப் போரின்போது குண்டுவீச்சுக்குப் பயந்து மக்கள் தங்கிய இடமும் இதுதான். பழுதுபார்த்து 2024-ல் திறந்திருக்கிறார்கள். ஆனால் எல்லா நாளும் திறந்திருக்காது, விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.