100 சிசி பைக் சைலன்சரை வீட்டிலேயே மாற்றுவது எப்படி?

கேள்வி: பழைய கார்புரேட்டர் பைக். சைலன்சர் அடியில் துருப்பிடித்து ஓட்டை. புதுசு வாங்கியாச்சு, இன்ஜின் ஹெட் பக்க நட்டு ரெண்டும் அசையவே மாட்டேங்குது. என்ன செய்யலாம்ணா?

பதில் 1: முரட்டுத்தனமா திருப்பாதீங்க தம்பி. ஸ்டட் (நட்டு மாட்டியிருக்கும் மரைக்கம்பி) முறிந்தால் லேத் பட்டறைக்குத்தான் போகணும். முதல்நாள் ராத்திரியே நட்டு அடியில் துருவை இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவிடுங்க. மறுநாள் ஆறுமுனை 10 மிமீ பாக்ஸ் ஸ்பானர் போட்டு கால் சுற்று கழற்றி, அரைக்கால் இறுக்கி, மறுபடி கழற்றணும். சிவப்பாத் துருப்பொடி உதிரும், அப்போ இன்னும் கொஞ்சம் எண்ணெய். ரிங் ஸ்பானர் வழுக்கினால் நட்டு முனை போயிடும்.

பதில் 2: கேஸ்கெட்டைப் பாருங்க (புகை கசியாமல் அடைக்கும் வளையம்), அதுதான் முக்கியம். பழைய வளையம் கரி படிந்து, ஹெட்டில் புகை வெளியேறும் துவாரத்தோடு (போர்ட்) ஒட்டிக்கிடக்கும், ஹெட்டின் பாகம் மாதிரியே தெரியும். நெம்பி எடுத்துட்டு புதுசு போடுங்க. கொஞ்சம் கிரீஸ் தடவினால் விழாமல் நிற்கும்.

எல்லா நட்டையும் முதலில் கையால் மாட்டுங்க. ஹெட் நட்டு ரெண்டையும் மாறி மாறி இறுக்கிய பிறகுதான் பின்பக்க போல்ட். பின்னால் முதலில் இறுக்கினால் பைப் இழுபட்டு ஃப்ளேஞ்ச் (பைப்பை ஹெட்டோடு பிடிக்கும் தட்டு) கோணலாகும், புகை கசியும். ஆக்சிலரேட்டரை விட்டதும் படபடன்னு வெடித்தால் கசிவா இருக்கலாம்.

பதில் 3: ஸ்டார்ட் பண்ணும் முன் குரோமை பெட்ரோல் துணியால் துடைத்து நல்லா உலரவிடுங்க. கைரேகை சூட்டில் கறையாகிடும், பிறகு லேசில் போகாது. ஒருமுறை சூடாகி ஆறியதும் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்க.