முகப்பு பூட்டியிருந்த வீடு

குடும்பக் குழு: எங்கள் வளவு (செட்டிநாட்டில் முற்றத்தோடு கூடிய பெரிய வீடு)
(பெரியப்பா – காரைக்குடி, சித்தப்பா – அடையாறு, அத்தை – மதுரை, அண்ணன் – சிங்கப்பூர், அத்தான் – மதுரையில் வக்கீல், நான் – கோவை; அப்பாவின் அம்மா எனக்கு அப்பத்தா, அவர் பிள்ளைகளுக்கு ஆத்தா; அக்காவை ஆச்சி என்பதும் எங்கள் வழக்கம்)

19 டிசம்பர் 2025, வெள்ளி

நான், இரவு 7:48
வாக்காளர் பட்டியலுக்குச் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடக்கிறதே, அதன் வரைவுப் பட்டியல் வந்துவிட்டது. நம் வீட்டுப் பெயர்களை எல்லாம் தேடினேன். அப்பத்தா பெயர் இல்லை.

பெரியப்பா, இரவு 7:55
சரியாகப் பாரம்மா. 'ஆச்சி' என்று சேர்த்துப் போட்டிருப்பார்கள், அதனால் மாறியிருக்கும்.

நான், இரவு 7:58
அட்டை எண்ணை வைத்தே தேடினேன் பெரியப்பா. விடுபட்டவர்களுக்கு ஒரு தனிப் பட்டியல் போட்டிருக்கிறார்கள், அதில் இருக்கிறது. காரணம்: 'நிரந்தரமாக இடம்பெயர்ந்தவர்'.

அத்தை, இரவு 8:01
இடம்பெயர்ந்தவரா? மதுரைக்கு வந்து ஒரு மாதம் இருங்கள் என்று நான் எத்தனை வருடமாகக் கெஞ்சுகிறேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஆத்தா அந்த வளவை விட்டுச் சேர்ந்தாற்போல் பத்து நாள் வெளியே தங்கியதில்லை.

அண்ணன், இரவு 8:10
2024 நாடாளுமன்றத் தேர்தலில், 85 வயதைத் தாண்டியவர் என்று அதிகாரிகள் வீட்டுக்கே வந்து அப்பத்தாவிடம் ஓட்டு வாங்கிப் போனார்கள். மை வைத்த விரலோடு எடுத்த படம் இன்னும் என் போனில் இருக்கிறது. ஒன்றரை வருடத்தில் எங்கே போய்விட்டாராம்?

பெரியப்பா, இரவு 8:14
அன்றைக்கு நான் கூட இருந்தேன். பின்வாசல் வழியாகக் கூட்டிப் போனேன். காலையில் ஊருக்குப் போய்ப் பார்க்கிறேன்.

20 டிசம்பர் 2025, சனி

பெரியப்பா, காலை 11:32
இப்போதுதான் திரும்பினேன். நடந்ததைச் சொல்கிறேன். நம் வீட்டு முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். ஆத்தா இருப்பது மூன்றாம் கட்டில், அடுப்படிக்குப் பக்கத்து அறையில். முகப்புக் கதவை நல்லது கெட்டதுக்குத்தான் திறக்கிறோம். வாக்குச்சாவடி நிலை அலுவலர், அதுதான் பி.எல்.ஓ., மூன்று தடவை வந்திருக்கிறார். மூன்று தடவையும் முகப்பில் தட்டியிருக்கிறார். பட்டாலைக் கூடம், வளவு முற்றம், இரண்டாம் கட்டு எல்லாம் தாண்டி அந்தச் சத்தம் எப்படி ஆத்தா காதுக்குப் போகும்? துணைக்கு இருக்கிற அம்மாவுக்கும் கேட்கவில்லை. திண்ணைத் தூணில் ஒட்டிவிட்டுப் போன தாள் மழையில் ஊறிக் கிழிந்து கிடக்கிறது.

பெரியப்பா, காலை 11:36
அந்த பி.எல்.ஓ. பெண்ணையும் பார்த்தேன். பக்கத்தில் விசாரித்தபோது 'அவர்கள் எல்லாம் சென்னை, சிங்கப்பூர்' என்று சொல்லியிருக்கிறார்கள். அப்படியே எழுதிவிட்டார். விஷயம் தெரிந்ததும் கண் கலங்கிவிட்டது அவருக்கு. தன் வேலையையும் பார்த்துக்கொண்டு இதற்கும் அலைகிறவர். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. வாக்காளர் நிரப்பிக் கொடுக்க வேண்டிய கணக்கெடுப்புப் படிவத்தை நான் கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

சித்தப்பா, காலை 11:40
நீங்கள் கொடுத்திருப்பீர்கள் என்று நினைத்தேன் அண்ணே.

பெரியப்பா, காலை 11:41
உன்னுடையதைப் போனிலேயே போட்டுவிட்டேன் என்றாயே. ஆத்தாவுடையதையும் சேர்த்துப் போட்டிருப்பாய் என்று நான் இருந்துவிட்டேன்.

நான், காலை 11:52
சித்தப்பா, உங்கள் பெயர் நம் ஊர்ப் பட்டியலில் இருக்கிறது. அப்பத்தா பெயர் இருந்த அதே பாகம், அதே கதவு எண். கோபித்துக்கொள்ளாதீர்கள், நேற்று இரவு முழுக்க இதே யோசனை. நம் குடும்பத்தில் அந்த வீட்டில் குடியிருக்கிற ஒரே வாக்காளர் பட்டியலில் இல்லை. முப்பது வருடமாக அடையாறில் இருக்கிறவர் இருக்கிறார். அப்பத்தாவிடம் போன் இல்லை, உங்களிடம் இருக்கிறது. வேறு என்ன வித்தியாசம்?

அத்தை, காலை 11:54
அவன் வேண்டுமென்றா செய்தான்? விடு.

சித்தப்பா, மதியம் 12:20
இல்லை ஆச்சி, அவள் கேட்கட்டும். நான் ஏமாற்ற நினைக்கவில்லை. நகரத்தார் கோயில் கணக்கில் என் குடும்பத்துக்கான புள்ளி எங்கே இருக்கிறது? ஊரில். புள்ளி வரி எங்கே கட்டுகிறேன்? ஊரில். பங்காளிகள் கூடுகிறதும், படைப்பும், பிள்ளைகள் கல்யாணமும் அங்கேதான். வீட்டில் எனக்குப் பங்கு இருக்கிறது, தீர்வை கட்டுகிறேன். அடையாறில் இருப்பது வாடகை வீடு. ஓட்டு மட்டும் ஊரில் கூடாது என்றால் மனசு ஒப்பவில்லை.

அத்தான், மதியம் 12:47
மாமா சொல்கிற பற்று எனக்கும் புரிகிறது. ஆனால் கோயில் கணக்கும் வாக்காளர் பட்டியலும் வேறு வேறு ஆதாரத்தில் நிற்கின்றன. புள்ளி பிறப்பாலும் கல்யாணத்தாலும் வருகிறது, உலகத்தில் எங்கே இருந்தாலும் மாறாது. வாக்கு வசிப்பதால் வருகிறது. 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20ஆம் பிரிவைப் பாருங்கள். ஒரு தொகுதியில் வீடு சொந்தமாக இருக்கிறது, அல்லது கைவசம் இருக்கிறது என்பதாலேயே ஒருவர் அங்கே சாதாரணமாக வசிப்பவர் ஆகிவிட மாட்டார் என்று நேராகவே சொல்கிறது. செட்டிநாட்டைப் பார்த்து எழுதியதுபோல் இருக்கும். தற்காலிகமாக வெளியூர் போனால் உரிமை போகாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆனால் முப்பது வருடத்தைத் தற்காலிகம் என்று சொல்ல முடியாது மாமா.

சித்தப்பா, மதியம் 12:55
அப்படியென்றால் சிங்கப்பூரில் இருக்கிற அவனுக்கு மட்டும் எப்படி ஊரில் ஓட்டு? கடல் தாண்டியவனுக்கு ஊர் உண்டு, தாம்பரம் தாண்டியவனுக்கு இல்லையா?

அத்தான், மதியம் 1:10
நியாயமான கேள்விதான் மாமா. 20ஏ என்ற பிரிவை 2010ல் சேர்த்தார்கள். இந்திய பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு வெளிநாட்டில் இருப்பவர், அதில் உள்ள முகவரியை வைத்துப் படிவம் 6ஏ மூலம் பதிவு செய்யலாம். அவருக்கு அங்கே வாக்கு கிடையாது. இங்கேயும் இல்லையென்றால் எங்கேயும் இல்லை. உங்களுக்கு அடையாறில் முழு உரிமை இருக்கிறது, நீங்கள் எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அண்ணன், மதியம் 1:15
எனக்கும் பெயர் மட்டும்தான் சித்தப்பா. ஓட்டுப் போட வேண்டுமென்றால் பாஸ்போர்ட்டோடு நேரில் வந்து நிற்க வேண்டும். நமக்குப் பதிலாக இன்னொருவர் போடலாம் என்று 2018ல் மக்களவையில் ஒரு மசோதா நிறைவேறியது. மாநிலங்களவையைத் தாண்டாமல் 2019ல் காலாவதியாகிவிட்டது. ஒரு தேர்தலுக்குத்தான் என்னால் வர முடிந்தது.

பெரியப்பா, மாலை 4:05
மத்தியானம் படுத்தபடி யோசித்தேன். இந்தத் திருத்தமே தப்பு என்று எல்லாரும் பேசுகிறார்கள். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. நம் அப்பச்சி போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடம் கழித்தும் அவர் பெயர் பட்டியலில் இருந்தது. நானே இரண்டு தடவை எழுதிக் கொடுத்தேன். முழுத் திருத்தம் கடைசியாக நடந்தது 2002லும் 2005லும். அதற்குப் பிறகு நம் தெருவில் பாதிப் பேர் பெயர்ந்துவிட்டார்கள். பட்டியலைச் சுத்தம் செய்யத்தான் வேண்டும்.

நான், மாலை 4:12
செய்யட்டும் பெரியப்பா. எப்படிச் செய்தார்கள் என்பதுதான் என் கேள்வி. தமிழ்நாட்டில் 6.41 கோடி பேர் இருந்தார்கள், வரைவில் 5.43 கோடி. சுமார் 97 லட்சம் பேர் இல்லை. அதில் இறந்தவர்கள் ஏறக்குறைய 27 லட்சம், இரட்டைப் பதிவு 3 லட்சத்துக்கு மேல். மிச்சம் 66 லட்சம் பேர் இடம்பெயர்ந்தவர்கள், இல்லாதவர்கள் என்ற கணக்கில் வருகிறார்கள். அந்த 66 லட்சத்தில் ஒருவர் நம் அப்பத்தா. அவரைப்போல் பின்கட்டில் இருக்கிறவர்கள் இன்னும் எத்தனை பேரோ?

அத்தான், மாலை 4:40
இந்தத் திருத்தத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் இருக்கிற வழக்கே இதைச் சுற்றித்தான் நடக்கிறது. அதே 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி சிறப்புத் திருத்தத்தைத் தனக்குச் சரியென்று படும் விதத்தில் நடத்தலாம், அரசியலமைப்பின் 324ஆம் உறுப்பு அந்தப் பொறுப்பைத் தந்திருக்கிறது என்பது தேர்தல் ஆணையத்தின் வாதம். பட்டியலில் ஏற்கெனவே இருக்கிறவர் தலையில் 'நான் இருக்கிறேன்' என்று மறுபடி காட்டும் சுமையை ஏற்றக் கூடாது, ஒரு மாதத்தில் முதியவர்களாலும் கூலி வேலைக்கு வெளியூர் போனவர்களாலும் முடியாது என்பது எதிர்த்தரப்பு. 1995ல் லால் பாபு உசேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது முக்கியம்: இருக்கிற பெயரை நீக்குவதற்கு முன் அவருக்குத் தகவல் கொடுத்து அவர் தரப்பைக் கேட்க வேண்டும். இப்போது 'நீக்கவில்லை, படிவம் வராததால் வரைவில் சேர்க்கவில்லை' என்கிறார்கள். என்னைக் கேட்டால், ஓட்டைப் பறிகொடுத்து நிற்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

அத்தான், மாலை 4:46
அப்பத்தாவை எந்தக் காரணத்துக்காக விட்டார்கள் என்று உன்னால் பார்க்க முடிந்ததே, அதுவே ஒரு வழக்கின் பலன். பீகாரில் இதே திருத்தத்தின் வரைவு வந்தபோது 65 லட்சம் பேர் விடுபட்டார்கள். யார், ஏன் என்று சொல்லவில்லை. 2025 ஆகஸ்ட் 14ல் உச்ச நீதிமன்றம், பெயர்களைக் காரணத்தோடு வெளியிடச் சொன்னது. செப்டம்பர் 8ல் ஆதாரையும் அடையாளச் சான்றாக ஏற்கச் சொன்னது. வழக்குப் போட்டவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

அத்தை, மாலை 5:02
அப்படியென்றால் நாமும் ஒரு கேஸ் போடலாமே மாப்பிள்ளை. ஆத்தாவைக் கூண்டில் நிறுத்தினால் ஒரு வார்த்தை போதும்.

அத்தான், மாலை 5:20
வேண்டாம் அத்தை. கோர்ட்டுக்கு முன்னால் செய்ய வேண்டியது இருக்கிறது, இப்போது செய்தால்தான் உண்டு. ஜனவரி 18 வரை, பெயர் சேர்க்கக் கேட்கும் படிவம் 6 கொடுக்கலாம். பதிவு அலுவலர் மறுத்தால் கலெக்டரிடம் மேல்முறையீடு, அதற்கு மேல் தலைமைத் தேர்தல் அதிகாரி. இதையெல்லாம் விட்டுவிட்டு, தேர்தல் அறிவித்து வேட்புமனுவின் கடைசி நாளும் முடிந்துவிட்டால் பட்டியலில் கை வைக்கவே முடியாது. தேர்தலுக்கு நடுவில் கோர்ட்டும் தலையிடாது. நாமக்கல்லில் பொன்னுசாமி என்பவரின் வேட்புமனுவைத் தள்ளியதற்கு அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். தேர்தல் எல்லாம் முடிந்தபின் தேர்தல் மனுவாகப் போடு என்று அரசியலமைப்பின் 329ஆம் உறுப்பைக் காட்டி 1952ல் சொல்லிவிட்டார்கள். இன்றைக்கும் அதுதான் சட்டம்.

பெரியப்பா, மாலை 5:31
முடிந்தபின் போட்டால் என்ன ஆகும் என்று நம் தொகுதிக்குத் தெரியாதா? 2009 சிவகங்கை. ப. சிதம்பரம் 3,354 ஓட்டில் ஜெயித்தார். ராஜ கண்ணப்பன் வழக்குப் போட்டார். எண்ணிக்கை நாளில் காரைக்குடியே ரேடியோவையும் டி.வி.யையும் விட்டு நகரவில்லை. யார் சொன்னது சரி என்பதற்குள் நான் போகவில்லை. அந்த வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ள முடியாது, விசாரிக்கலாம் என்ற உத்தரவே 2012ல்தான் வந்தது. ஐந்து வருடப் பதவியில் மூன்று வருடம் அதற்கே போய்விட்டது.

அத்தான், மாலை 5:44
ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது மாமா. 2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரம் தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 49 ஓட்டு. 203 தபால் ஓட்டுகளைத் தள்ளினார்கள், சான்றொப்பம் போட்ட தலைமையாசிரியருக்கு அந்தத் தகுதி இல்லை என்று. மறுபடி எண்ணச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2019 அக்டோபரில். எண்ணினார்கள். முடிவைச் சொல்லக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தடை போட்டது. 2021ல் அந்தச் சட்டமன்றமே முடிந்துவிட்டது.

நான், மாலை 5:47
49 ஓட்டு. நம் ஊரில் பின்கட்டுகளில் இருக்கிறவர்களை எண்ணினாலே பாதி வந்துவிடும்.

சித்தப்பா, இரவு 9:15
எல்லாவற்றையும் திரும்பத் திரும்பப் படித்தேன். அடையாறில் தண்ணீர் வரவில்லை என்றால் நான் யாரிடம் போய் நிற்கிறேன்? அங்கே உள்ள கவுன்சிலரிடம். ஊரில் தெருவிளக்கு எரியாதது எனக்கு யாராவது சொன்னால்தான் தெரிகிறது. இருட்டில் நடக்கிறது ஆத்தா. இதை நான் யோசிக்கவே இல்லை. படிவம் 8ல் முகவரி மாற்றம் கொடுத்துவிடுகிறேன்.

அத்தை, இரவு 9:18
புள்ளி எங்கேயும் போகாது தம்பி.

21 டிசம்பர் 2025, ஞாயிறு

பெரியப்பா, காலை 10:50
படிவம் 6ல் ஆத்தா கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். உறுதிமொழிப் படிவமும் சேர்த்தாயிற்று. பழைய திருத்தப் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்கிற பக்கத்தை வக்கீல் மாப்பிள்ளை எடுத்து அனுப்பினார், அதையும் வைத்தோம். 'நான் எங்கே போனேன் என்று எழுதியிருக்கிறார்கள்?' என்று ஆத்தா கேட்டார்கள். எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

நான், காலை 10:53
ஒப்புகைச் சீட்டு வாங்கினீர்களா பெரியப்பா?

பெரியப்பா, காலை 10:55
வாங்கிப் பத்திரமாக வைத்திருக்கிறேன். விசாரணைக்கு வரும்போது பின்வாசலில் தட்டச் சொல்லியிருக்கிறேன்.

சித்தப்பா, காலை 11:02
என் படிவம் 8 போய்விட்டது. குறிப்பு எண் வந்தது. பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்க எல்லாரும் ஊரில்தானே? நான் இரண்டு நாள் முன்னாலேயே வருகிறேன்.

பெரியப்பா, காலை 11:10
வா. வேலை இருக்கிறது. அந்த பி.எல்.ஓ. பெண்ணோடு தெருவை ஒரு நடை நடந்து பார்த்தேன். முகப்பு பூட்டிக் கிடக்கிற வீடு பதினொன்று. நாலு வீட்டில் பின்கட்டில் ஆள் இருக்கிறார்கள், மூன்று பேர் பட்டியலில் இல்லை. ஒருவர் வீட்டைப் பார்த்துக்கொள்கிற கிழவர், படிக்கத் தெரியாது. படிவம் அவரிடம் இல்லை, நிரப்பவும் ஆள் வேண்டும்.

நான், காலை 11:12
எத்தனை படிவம் வேண்டும் பெரியப்பா? இங்கிருந்தே அச்செடுத்து வருகிறேன்.

பெரியப்பா, காலை 11:15
இருபது எடுத்து வா. அடுத்த தெருவையும் பார்த்துவிடலாம்.